சோற்றுப் பாடத்தில் கூலிக்காரனுக்கு இடம் எங்கே?

உலகத்துச் சர்வகலாசாலைகளில் இன்று ஒரு புதுப் பாடம் நடந்து வருகிறது. மண் கெடாமல், தண்ணீர் வற்றாமல், நாளைய பிள்ளைகளுக்கும் சோறு மிஞ்சும்படி எப்படிப் பயிர் செய்வது என்பதே அந்தப் பாடம். நீடித்து நிற்கும் உணவு முறை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நீடித்த வளர்ச்சிக்கு வேண்டிய கல்வி 2030க்குள் எல்லா மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று 2015ல் ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வகுத்தது. நம் நாடு முன்மொழிந்ததன் பேரில் 2023 ஆம் ஆண்டு சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது.

நல்ல காரியம். நாம் இதை வரவேற்கிறோம். மண் செத்தால் முதலில் பட்டினி கிடப்பவன் கூலிக்காரன்தான். ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். இந்தப் பாடத்தில், சேற்றிலும் வெயிலிலும் நிற்கிறவனுக்கு இடம் எங்கே?

சிறுவாச்சூரை எடுத்துக் கொள்வோம். வெளியூர்க்காரர்களுக்கு அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் மதுரகாளியம்மன் கோவில்தான் ஞாபகம் வரும். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் நாட்களில் திருச்சி–சென்னை சாலையை விட்டுக் கார்கள் வரிசையாக இறங்கும். அந்தச் சாலையின் இரு புறமும் பெரம்பலூர் வட்டாரத்துக் கிராமங்களுக்குள் போய்ப் பாருங்கள். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். கம்பும் சோளமும் வரகும் விளைந்த மானாவாரி நிலம், இன்று சந்தைக்கு விளைகிற நிலமாகி விட்டது. இங்கே விளையும் மக்காச்சோளம் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. சிறுதானிய ஆண்டைப் பற்றி உலக மாணவர்கள் படித்த காலத்தில், சிறுதானியம் விளைந்த மண்ணில் கோழிக்குத் தீனி விளைந்தது!

விவசாயி விரும்பியா மாற்றினான்? இல்லை. கம்புக்கு விலை இல்லை. மக்காச்சோளத்துக்கு வியாபாரி வாசலில் வந்து நின்றான். அதுதான் காரணம்.

அந்த ஒரே பயிரை நம்பியதன் பலன் என்ன? படைப்புழு என்று ஒரு புழு. அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 2016ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பருவத்திலேயே பெரம்பலூர் மக்காச்சோளக் காடுகளைக் குருத்தோடு தின்று தீர்த்தது. சர்வதேச உணவுப் பாடம் படிக்க மாணவர்கள் கப்பல் ஏற வேண்டியதில்லை. சிறுவாச்சூர்ப் பக்கத்து ஒரு மக்காச்சோளக் கொல்லையில் அந்தப் பாடம் முழுவதும் இருக்கிறது.

மாணவர்கள் வராமலும் இல்லை. விவசாயக் கல்லூரிப் பிள்ளைகள் கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். இனக்கவர்ச்சிப் பொறி வைத்துக் காட்டுகிறார்கள். விதை நேர்த்தி செய்து காட்டுகிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் அவர்களை யாரிடம் அழைத்துப் போகிறார்கள்? 'முன்னோடி விவசாயி' வீட்டுக்கு. முதுகில் டேங்க்கைச் சுமந்து மருந்து அடிப்பவனிடம் அல்ல. களை எடுக்கும் பெண்களிடம் அல்ல. வெங்காயம் அழுகாமல் காற்று புகும்படி பட்டறை போடத் தெரிந்த கைகளிடம் அல்ல. நிலம் வைத்திருப்பவனுக்கே விவசாயம் தெரியும் என்று இந்தப் பாடம் முதல் நாளே சொல்லிக் கொடுத்து விடுகிறது.

இப்படிப் பாதிப் பாடம் நடத்தினால் என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1960ல் அமெரிக்க ஃபோர்டு பவுண்டேஷன் உதவியோடு தஞ்சை மாவட்டத்தில் தீவிர விவசாயத் திட்டம் தொடங்கியது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே கட்டாக வந்தன. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 நெல் வயலுக்கு வந்தது. களத்தில் நெல் கூடியது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூடிய நெல்லில் அறுத்தவனுக்கு எத்தனை மரக்கால் என்ற கணக்கு அந்தப் பாடத்தில் இல்லை. அந்தக் கணக்கைச் செங்கொடிச் சங்கம் கேட்டது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியைப் பற்றிப் பேசாத விவசாயப் பாடம் யாருக்குத் துணை போகும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

இது பழங்கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2002ல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தபோது, மருந்துச் செலவு குறையும் என்றார்கள். 2017ல் பெரம்பலூர் மாவட்டத்திலேயே பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் மயங்கி விழுந்தார்கள். உயிர் இழந்தவர்களும் உண்டு. அதே ஆண்டு மராட்டியத்தில் யவத்மாளில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். பூச்சிமருந்துக்கு 1968லேயே சட்டம் இருக்கிறது. மருந்து தெளிப்பவனுக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்று 1971லேயே விதிகள் வந்தன. எந்தக் கூலிக்காரனுக்கு அதைப் படித்துக் காட்டினார்கள்? மூக்கில் ஒரு துண்டு, காலில் செருப்பும் இல்லை. ஆலையில் நூல் நூற்கும் தோழர்களே, உங்கள் மிஷினில் ஓடும் பஞ்சில் இந்த மூச்சும் கலந்திருக்கிறது. பஞ்சுத் தூசியில் நீங்கள் இருமுவதும், மருந்துப் புகையில் அவன் விழுவதும் ஒரே லாபக் கணக்கின் இரண்டு வரிகள்.

உலக அளவில் நடப்பதும் இதுவே. 2021 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபை உணவு முறைகளுக்கென ஒரு பெரிய மாநாடு நடத்தியது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே அந்தச் சபை, பெருமுதலாளிகள் கூடும் உலகப் பொருளாதார மன்றத்தோடு ஒப்பந்தம் செய்து கொண்டது. விதையும் மருந்தும் விற்கிறவன் மேடையில், விதைக்கிறவன் வாசலில். ஆகவேதான் 'லா வியா கேம்பெசினா' என்ற உலக விவசாயிகள் ஸ்தாபனம் அந்த மாநாட்டைப் பகிஷ்கரித்தது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பிரேசில் நாட்டில் நிலமற்றோர் இயக்கம் என்று ஒன்று உண்டு. தரிசாகக் கிடந்த பெரும் பண்ணைகளுக்குள் புகுந்து குடியேறிய உழைப்பாளிகளின் இயக்கம் அது. 2005ல் சாவோ பாலோ மாநிலத்தில் குவாரரேமா என்ற ஊரில் அவர்கள் ஒரு பள்ளி திறந்தார்கள். அதைக் கட்டியது காண்ட்ராக்டர் அல்ல. நாடெங்குமிருந்து முறை வைத்து வந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள். அதே ஆண்டு லாப்பா என்ற இடத்தில், குடியேற்ற நிலத்திலேயே இயற்கையோடு ஒத்த விவசாயம் கற்பிக்கும் லத்தீன் அமெரிக்கப் பள்ளி தொடங்கியது. பல நாட்டு உழவர் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். நிலம் யாருடையது என்ற கேள்வியும், மண்ணை எப்படிக் காப்பது என்ற கேள்வியும் அங்கே ஒரே பாடம்.

கியூபாவைப் பாருங்கள். 1991ல் சோவியத் நாடு சிதைந்தபோது எண்ணெயும் உரமும் நின்று போயின. ஏர் மாடு மறுபடியும் வயலுக்கு வந்தது. 1997 முதல் அங்குள்ள சிறு விவசாயிகள் சங்கம், ஓர் உழவன் இன்னோர் உழவனுக்குக் கற்றுக் கொடுக்கும் இயக்கத்தைப் பரப்பியது. அமெரிக்க முற்றுகையால் அங்கே இன்றும் உணவுத் தட்டுப்பாடு உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உழைக்கிறவன் உபாத்தியாயராக முடியும் என்பதை அந்தச் சிறு நாடு காட்டி விட்டது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன?

1) கிராமத்தில் தங்கப் பயிற்சிக்கு வரும் மாணவர்களை விவசாயத் தொழிலாளர் சங்கம் தானே போய்ச் சந்தித்து, நம் தெருவுக்கு அழைத்து வர வேண்டும். ஒரு ஏக்கர் வெங்காயத்தில் எத்தனை ஆள் வேலை, ஆணுக்கு எவ்வளவு கூலி, பெண்ணுக்கு எவ்வளவு, வருஷத்தில் எத்தனை நாள் வேலை என்று அவர்கள் கணக்கு எழுதட்டும். சம வேலைக்குச் சம கூலி என்று 1976லேயே சட்டம் வந்தது. அந்தக் கணக்கையும் எழுதட்டும்.

2) மருந்து விதிகளை எளிய தமிழில் எழுதி ஒவ்வொரு ஊர்ச் சாவடியிலும் ஒட்ட வேண்டும். முகமூடியும் கையுறையும் தராத கொல்லையில் மருந்து அடிப்பதில்லை என்று சங்கம் ஊர்கூடி முடிவு செய்ய வேண்டும்.

3) களை அறிந்த, விதை அறிந்த நம் பெண்கள் கல்லூரிக்கு வந்து பாடம் சொல்ல வேண்டும் என்றும், வாத்தியாருக்குத் தருவது போல் அவர்களுக்கும் சம்பளம் தர வேண்டும் என்றும் சர்க்காரிடம் கோர வேண்டும்.

4) கம்புக்கும் வரகுக்கும் கட்டுபடியாகும் விலை கொடுத்து சர்க்காரே கொள்முதல் செய்து ரேஷனில் போட வேண்டும். ஆலைத் தொழிலாளர் சங்கங்கள் இந்தக் கோரிக்கையைத் தங்கள் கோரிக்கையாக எடுத்துக் கொள்ள வேண்டும்.

மாணவர்களே! நீங்கள் நம் பகைவர்கள் அல்ல. உங்களில் பலர் நம் பிள்ளைகளே. மண்ணைக் காக்கும் பாடத்தை நன்றாகப் படியுங்கள். படித்து விட்டு, அந்த மண்ணில் நிற்பவனிடமும் வாருங்கள். அவன் வயிறும் மூச்சும் நீடிக்காமல் எந்த உணவு முறையும் நீடிக்காது.

தோழர்களே! அடுத்த முறை கல்லூரி வண்டி ஊருக்குள் வரும்போது ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். முன்னே போய் நில்லுங்கள். சொல்லிக் கொடுக்க நம்மிடம் பாடம் இருக்கிறது!