கவுன்ட்டி ரன் செல்லாக்காசா?

‘கவுன்ட்டியில அடிச்ச ரன்னெல்லாம் ஒரு ரன்னா?’ என்று கேட்பவர்கள் உடனே மார்க் ராம்பிரகாஷைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். முதல்தர ஆட்டங்களில் 114 சதம், இங்கிலாந்துக்காக 52 டெஸ்ட்டில் சராசரி வெறும் 27. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2006, 2007 இரண்டு சீசனிலும் சர்ரே அணிக்கு ஆடி நூறுக்கு மேல் சராசரி வைத்திருந்தாரே, அப்போது அவரை டெஸ்ட்டுக்குக் கூப்பிடவே இல்லை. சோதித்தே பார்க்காத ஃபார்மை எப்படித் தோற்றதாகக் கணக்கில் எழுதுவது?

2024 கடைசியில் ஜேக்கப் பெத்தல் முதல்தர ஆட்டத்தில் ஒரு சதம்கூட இல்லாமல் நியூசிலாந்தில் டெஸ்ட் ஆடினார். நன்றாகவே ஆடினார், வெலிங்டனில் 96. அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தேர்வாளரின் கண் சில சமயம் சரியாகத்தான் பார்க்கிறது. தவறாகப் பார்த்தால்? ரன்னை யாரும் எண்ணலாம், அதை வைத்துச் சண்டை போடலாம். கண்ணை எதை வைத்துச் சரிபார்ப்பது?

ஏப்ரல் குளிரில், பந்து ஸ்விங் ஆகிற பிட்ச்சில் எடுத்த ரன்னை நம்ப முடியாதாம். 2021இல் ஹண்ட்ரட் போட்டியைத் தொடங்கி, நல்ல வெயிலடிக்கும் ஆகஸ்ட்டை அதற்குத் தாரைவார்த்தது யார்? இதே வாரியம்தானே! கேள்வித்தாளை நீங்களே கெடுத்துட்டு, வாங்கின மார்க் செல்லாதுன்னு சொல்றது என்ன நியாயம்?

18 கவுன்ட்டிகளில் கை விறைக்க ஆடுகிறவர்களுக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்கள். எவ்வளவு அடிச்சா கூப்பிடுவீங்க?