பழைய ஸ்லைடைத் தூக்கிப் போடாதீங்க



திருவிழா நெருங்கினாலே எங்கள் தொண்டர் குழுவில் ஒரு வாக்குவாதம் கிளம்பும். 2000களில் சமய வகுப்புக்கும் ஆண்டுக் கூட்டத்துக்கும் செய்து வைத்த பவர்பாயிண்ட் கோப்புகளைப் புது மடிக்கணினியில் திறந்தா, தமிழ் எழுத்தைக் காணோம். ஆங்கில எழுத்தும் கமாவும் அரைப்புள்ளியுமா நிக்குது. "இதோட ஏன் மல்லுக்கட்டுறீங்க, கேன்வாவில புதுசா ஒண்ணு செஞ்சிடலாம்"னு தம்பி தங்கச்சிங்க சொல்றாங்க. நாங்க அதுக்கு ஒத்துக்க மாட்டோம்.

அந்தக் கோப்புகளில் இருப்பது வெறும் அலங்காரம் இல்லை. சுங்கை திங்கி, மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார் என்று தோட்டம் தோட்டமாக வாழ்ந்தவங்க இன்று தாமான்களிலும் பிளாட்டுகளிலும் சிதறிக் கிடக்கிறோம். எந்த நாள் உபயம் எந்தக் குடும்பத்துக்கு, லயத்துக்குப் பின்னால் இருந்த கோயில் எப்படி இருந்தது, பால்மரம் போய் செம்பனை வந்தபோது என்ன ஆச்சு, இதையெல்லாம் பெரியவங்க சொல்லச் சொல்ல யாரோ உட்கார்ந்து தட்டச்சு செஞ்சது. சொன்னவங்களில் பலர் இப்போ இல்லை. கேன்வாவில் புதுசா செய்ய நினைச்சாலும் யாரைக் கேட்டுச் செய்வது?

எழுத்து ஏன் மாறுது? கணினித் தமிழில் நம்ம நாடு பின்தங்கியது இல்லை. முத்து நெடுமாறனின் முரசு 1985-லேயே இங்கே பிறந்தது. ஆனா அந்தக் காலத்தில் யூனிகோட் புழக்கத்துக்கு வரலை. பாமினி ஒரு முறை, டிஸ்கி ஒரு முறை, 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் வேற. ஒவ்வொன்றிலும் வேறு எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தாங்க. அதே எழுத்துரு கணினியில் இருந்தால்தான் தமிழ் தெரியும். ஆகவே கோப்பு கெட்டுப் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. பழைய எழுத்துருவைத் தேடிப் போட்டா பல நேரம் அப்படியே உயிர் வந்துடும்.

ஆனா அதோட விடக்கூடாது, யூனிகோடுக்கு மாத்தணும் என்பதுதான் எங்கள் கருத்து. அப்போதான் ஒரு பெயரைத் தேடினா கிடைக்கும், கைப்பேசியிலும் படிக்கலாம். எழுத்துரு மாற்றும் பொத்தானை அழுத்தினா ஆகாது. அது சட்டையை மாத்தும், ஆளை மாத்தாது. உரையை எடுத்து மாற்றியில் போட்டு மறுபடி ஒட்டணும். ஆங்கிலச் சொல்லைத் தனியா விட்டுடுங்க, இல்லாட்டி அதுவும் புரியாத தமிழாயிடும்.

மாற்றியை அப்படியே நம்பவும் கூடாது. பழைய முறையில் ஔகாரக் குறியும் 'ள' எழுத்தும் ஒரே வடிவம். அதனால கௌரி 'கெளரி' ஆவாள், வெள்ளிக்கிழமை 'வௌ்ளிக்கிழமை' ஆகும். அறிவிப்பில் இருந்தா சிரிச்சிட்டுப் போகலாம். தேவார ஸ்லைடில் இருந்தா பிள்ளைங்க அதைப் பார்த்துத்தான் பாடும். ஆகவே ஒருவர் திரையைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கணும், ஓதுவார் ஐயாவோ பாடம் தெரிந்த அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்கணும். வேற குறுக்குவழி எங்களுக்குத் தெரியலை.

பாட்டு விஷயம் இன்னும் மோசம். 2007 பதிப்பு வரைக்கும் எம்பி3 பாட்டு ஸ்லைடுக்குள்ளே சேராது, அதே கணினியில் எங்கேயோ இருக்கும் கோப்பைக் காட்டும், அவ்வளவுதான். பிபிடி கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்து வந்திருந்தா பாட்டு வராது. பழைய கணினியை இரும்புக் கடைக்குப் போடுமுன் அந்தக் கோப்புறையை முழுசா எடுங்க.

திருத்த உட்காரும்போது முதலில் நகல் எடுங்க, மூலத்தில் கை வைக்காதீங்க. நகலைப் புதிய பிபிடிஎக்ஸ் வடிவில் சேமிச்சு அதில் வேலை செய்யுங்க. பழைய சதுர ஸ்லைடை அகலத் திரைக்கு இழுக்கச் சொல்லி சிலர் பிடிவாதம் பிடிக்கிறாங்க. இழுத்தா படம் பருத்துப் போகலாம், அம்மன் முகமும் சேர்ந்து. இரண்டு பக்கமும் கறுப்பா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமே!

இன்னொன்று. பத்தாங் பெர்ஜுந்தை என்று எழுதியிருந்தா அதை அழிச்சு பெஸ்தாரி ஜெயா என்று போடாதீங்க. வேணும்னா கீழே சின்னதா குறிப்பு எழுதுங்க. அந்த ஸ்லைடைச் செய்தவங்க வாழ்ந்த ஊருக்கு அப்போ அதுதான் பேர்.

வீட்டில் பழைய பென்டிரைவ், சிடி, ஏன் பிளாப்பி இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சதும் மண்டபத்துக்குக் கொண்டு வாங்க. எந்தத் தோட்டம், யார் செய்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சேர்த்துக் கொடுங்க. நகல் எடுத்துட்டு அன்றைக்கே திருப்பித் தந்துடுவோம்.