யார் துடைப்பது?

கண்டியிலே ஞாயிறு காலைகளில் ஒரு தனிச் சடங்கு நடைபெறுகின்றது. கோயில் மணியும் விகாரையின் முரசொலியும் ஓய்ந்தபின், மேட்டு நிலத்து வீடுகளின் முற்றங்களில் தண்ணீர்க் குழாய்கள் திறக்கப்படுகின்றன. வாளியும் பஞ்சும் மெழுகு டப்பாவும் வெளியே வருகின்றன. மோட்டார் வண்டிக்கு அபிஷேகம்! வண்டியின் சொந்தக்காரர் விறாந்தையிலே தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருக்கிறார். அபிஷேகம் செய்பவனோ பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்.

வெளியே நின்று பழி தூற்ற நான் வரவில்லை. இந்தச் சடங்கை நடத்தியவர்களுள் நானும் ஒருவன்.

கடன்பட்டுப் பழைய கார் ஒன்று வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய இரும்பும் பொன்விலை பெற்றது. ஆகவே என் காரின் மேனியில் எனக்குப் பெரும் கரிசனை. பத்தாம் வகுப்பில் என்னிடம் படிக்கும், தோட்டத்து லயனிலிருந்து வரும் மாணவனொருவனைச் சனிக்கிழமைகளில் வரச்சொன்னேன். "சரி சேர்" என்றான். அவன் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

அந்தத் தவணைப் பரீட்சையில் "என் விடுமுறை நாள்" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தவனும் நானே. அவன் எழுதியிருந்தான்: "சனிக்கிழமை சேருடைய காரைக் கழுவுவேன். என் முகம் அதில் தெரியும்வரை துடைப்பேன். இலவசக் கணித வகுப்பும் அன்றுதான். திங்கட்கிழமை நண்பனின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்வேன்." முறைப்பாடாக அவன் அதை எழுதவில்லை. பிழையின்றி, அழகான கையெழுத்தில், புள்ளி பெறுவதற்காக எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். அந்த விடைத்தாளில் திருத்தப்பட வேண்டிய பிழை அவனுடையதன்று.

இதனை ஆசிரிய நண்பர்களிடம் சொன்னபோது கிடைத்த மறுமொழிகளே இக்கட்டுரைக்குக் காரணம்.

"குருவுக்குப் பணிவிடை செய்வது நமது மரபு" என்றார் ஒருவர். நல்ல மரபு! ஆனால் இந்த மரபு லயன் காம்பராவை மட்டும் ஏன் தேடிச் செல்கிறது? வைத்தியரின் மகனை, வங்கி முகாமையாளரின் மகனை எந்தக் குருவாவது வாளி தூக்க அழைத்ததுண்டா? மறுக்க முடியாதவனிடம் மட்டும் கேட்கப்படும் பணிவிடைக்கு மரபு என்று பெயரில்லை.

"உழைப்பு மகத்தானது என்று முழங்கும் நீங்களே உழைப்பை இழிவு செய்யலாமா?" என்றார் இன்னொருவர். உழைப்பு மகத்தானதுதான். அப்படியானால் அந்த மகத்துவத்தில் தமக்கும் ஒரு பங்கை அவர் ஏன் கேட்பதில்லை? 1927 இல் இலங்கைக்கு வந்து கண்டியிலும் பேசிச் சென்ற காந்தியடிகள், கழிவகற்றும் வேலையைத் தம் கையாலேயே செய்து காட்டியவர். அவருடைய படத்தைச் சுவரில் மாட்டிய வீட்டு முற்றத்திலும் பையனின் கையில்தான் பஞ்சு இருக்கிறது.

"ஏதோ நூறு இருநூறு கொடுக்கிறோமே, ஏழைக்கு உதவிதானே?" என்றார் மூன்றாமவர். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021 இல் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டதற்குப் பின்னே எத்தனை போராட்டம்! நான் வாங்கிய மெழுகு டப்பா ஒன்றே அத்தகைய இருநாட் கூலியை விழுங்கியது. வண்டியின் தோலுக்கு அவ்வளவு. அதைத் துடைக்கும் கைக்கு இருநூறு! வளர்ந்த ஒருவருக்கு நியாயமான கூலி கொடுத்துச் சேர்விஸ் நிலையத்தில் கழுவுவிப்பதை நான் எதிர்க்கவில்லை, அது தொழில். பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்பது இந்நாட்டுச் சட்டம். வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயதும் 2021 இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. பள்ளிப் பையனின் படிப்பு நேரத்தைச் சில்லறைக்கு வாங்குவதற்கு உதவி என்று பெயர் சூட்டுவதையே எதிர்க்கிறேன்.

இந்த வழக்கத்துக்கு வேர் உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை கடந்து கண்டிச் சீமைக்கு நடந்துவந்த கூட்டத்தின் பேரப்பிள்ளைகளே இன்று வாளி சுமக்கின்றனர். 1871 இல் வீட்டு வேலையாட்களைப் பதிவுசெய்ய ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. வேலையாளைப் பதிவேட்டில் ஏற்றிவைப்பதே அதன் அக்கறை. கண்டி நகர வீதிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிப் பெருக்கிய மக்கள் மஹியாவையில் நெருக்கியடித்து வாழ்கின்றனர். நகரம் துலங்க அவர்கள், வீடு துலங்கத் தோட்டத்துப் பெண், வண்டி துலங்கப் பையன்! துடைப்பதற்கென்று ஒரு சாதி, துலங்குவதற்கென்று ஒரு சாதி என்பதே இதன் பொருளன்றோ?

அந்த மினுக்கத்தின் மூலத்தையும் பார்ப்போம். பல கார்களின் வர்ணத்தில் மின்னுவது மைக்காத் தூள். இந்தியாவின் ஜார்க்கண்ட் பகுதியில் அதைத் தோண்டும் குழிகளில் சிறுவர்கள் இறந்ததையும், அம்மரணங்கள் மறைக்கப்பட்டதையும் 2016 இல் றோய்ட்டர்ஸ் அறநிலையத்தின் புலனாய்வு வெளிப்படுத்தியது. உயர்ந்த மெழுகுகளில் சேரும் கர்னூபா, வடகிழக்குப் பிரேசிலின் பனையோலையிலிருந்து எடுக்கப்படுவது. ஓலை வெட்டுவோர் அடிமைகளைப்போல நடத்தப்படுவதை 2017 இல் ஜெர்மன் தொலைக்காட்சி விவரணப் படமொன்று காட்டியது. பிரேசிலின் தொழிலாளி, ஜார்க்கண்டின் சிறுவன், கண்டியின் மாணவன் ஆகிய மூவரின் கைகளும் ஒரே வண்டியின் மீது படுகின்றன. மூவரில் எவருக்கும் அந்த வண்டியில் இடமில்லை.

இப்பொழுது நான் என் வண்டியை நானே கழுவுகிறேன். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். சாக்குச் சொல்வோருக்குப் பயன்படட்டும். வெயிலில் கழுவலாகாது, சவர்க்காரம் காய்ந்து கறையாகும். முதலில் நீர் ஊற்றி மணலைக் கரைக்க வேண்டும். உலர்ந்த தூசியைத் துணியால் தேய்த்தால் அதுவே கீறும். இரண்டு வாளிகள் தேவை: ஒன்று சவர்க்கார நீருக்கு, மற்றது அழுக்குத் துணியை அலசுவதற்கு. மேலிருந்து கீழாகத் துடைத்து, சில்லுகளுக்கு வேறு துணி எடுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் மெழுகை உரித்துவிடும். பொலிஷும் மெழுகும் ஒன்றல்ல. பொலிஷ் வர்ணத்தின் மேற்படையைச் சிறிது தேய்த்தெடுக்கும். அப்படையின் தடிப்போ ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஆகவே அதை அடிக்கடி செய்வது மூடத்தனம். கழுவிய நீரை வீதிக் கானுக்குள் விடாது புல்தரையில் விடுங்கள். நகரத்துக் கழிவுநீர் மெத எல வழியாக மகாவலியைத்தான் சென்றடைகிறது.

இவ்வளவுக்கும் எனக்குச் செலவாவது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தைத் தம் சொந்த வண்டிக்குக் கொடுக்க முடியாதவர், ஒரு பிள்ளையின் சனிக்கிழமை முழுவதையும் எவ்வுரிமையில் எடுக்கிறார்?

ஆசிரிய நண்பர்களே, உங்களைத்தான் முதலில் கேட்கிறேன். மாணவனை வீட்டு வேலைக்கு அழைப்பதில்லை என்று ஒவ்வொரு பாடசாலை ஆசிரியர் கூட்டத்திலும் வெளிப்படையாக முடிவெடுப்போம். பெற்றோரிடமும் அதை அறிவிப்போம். மறுக்கும் துணிவு அப்போதுதான் அவர்களுக்கும் வரும். என் மாணவன் இப்பொழுது சனிக்கிழமைகளில் கணித வகுப்புக்குப் போகிறான். இழந்த பாடங்களை அவன் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. அந்தக் கடன் என்னுடையது.