ஐந்து பாடம், ஒரு மாலை

ஜூன் முதல் வாரத்து ஆசிரியர் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "போர்ஷன் எப்ப முடிப்பீங்க?" கணக்கு ஆசிரியர் நவம்பர் கடைசி என்பார். அறிவியல் டீச்சருக்கு 23 அலகு. டிசம்பர் இரண்டாம் வாரம் என்று இழுப்பார். சமூக அறிவியலில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் எல்லாம் சேர்த்து 27. மொழிப்பாடக்காரர்களிடம் யாரும் அழுத்திக் கேட்பதில்லை. "தமிழ்தானே, பசங்களே படிச்சுக்குவாங்க." தலைமை ஆசிரியர் ஐந்து தேதிகளையும் குறித்துக்கொள்வார். பத்தாம் வகுப்பின் ஆண்டுத் திட்டம் அத்துடன் தயார்.

இந்த ஐந்து தேதிகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது யார் வேலை? இப்போதைக்கு அது பதினைந்து வயதுப் பிள்ளையின் வேலையாக இருக்கிறது. பாட ஆசிரியர் தன் பாடத்தைப் பார்க்கிறார். வகுப்பாசிரியர் வருகைப் பதிவையும் கல்வித்துறையின் எமிஸ் இணையதளப் பதிவுகளையும் பார்க்கிறார். ஐந்து பாடத்தையும் ஒரே தலையில் சுமப்பது மாணவர் மட்டும்தான். நீண்டகாலத் திட்டமிடல் பற்றி அனுபவமே இல்லாத ஒருவரிடம் அதை ஒப்படைத்துவிட்டு, மார்ச் மாதம் "ஜூன்லேருந்தே படிச்சிருக்கணும்" என்று திட்டுகிறோம்.

சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ படிக்கும் ஒரு மாணவியின் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். காலை எட்டேகாலுக்கு ஸ்பெஷல் கிளாஸ். மாலையில் பள்ளி விட்டதும் இன்னொன்று. பிறகு எட்டு மணி வரை டியூஷன். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருகிறவள் என்றால் போக்குவரத்துக்கு இன்னும் கொஞ்சம் போகும். சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தோடு உட்காரும்போது மணி ஒன்பது. பெரும்பாக்கம் குடியிருப்பு போன்ற இடங்களில் அவள் படிக்கும் அறையில்தான் டிவியும் ஓடும், தம்பியும் தூங்குவான். அவளுக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். கணக்கில் இயற்கணிதப் பயிற்சி ஒன்று முழுக்க. அறிவியலில் ஒளியியல் புக் பேக் கேள்விகள் எழுதி வர. சமூக அறிவியலில் முதல் உலகப்போர் ஸ்லிப் டெஸ்ட். தமிழில் மனப்பாடப் பாடல். ஆங்கிலத்தில் ஒரு பாரகிராப். ஒவ்வொன்றும் அரை மணி வேலைதான், யாரும் அநியாயமாகக் கேட்டுவிடவில்லை. கூட்டினால் இரண்டரை மணி நேரம்.

அவள் என்ன செய்வாள் என்பது நமக்குத் தெரியும். எந்த ஆசிரியர் அதிகம் திட்டுவாரோ அந்தப் பாடத்தை முதலில் முடிப்பாள். திட்டாதவரின் பாடம் நாளைக்கு, பிறகு அடுத்த வாரத்துக்கு, பிறகு திருப்புதல் தேர்வுக்கு என்று தள்ளிப்போகும். ஒரு பிள்ளையின் ஓராண்டு நேரம் எப்படிப் பிரியும் என்பதை நம் தொண்டையின் பலம் தீர்மானிக்கிறது. சமூக அறிவியலில் மதிப்பெண் குறைந்தால் அந்த ஆசிரியர் சாதுவானவர் என்றும் ஒரு காரணம் இருக்கலாம்!

அடுத்தது மறதி. ஜெர்மானியரான எபிங்ஹாஸ் அர்த்தமற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம் மறதியைத் தாமே அளந்து 1885-ல் புத்தகமாக வெளியிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதன் பலன் அன்றே தெரிந்த விஷயம். எவ்வளவு இடைவெளி என்பதற்கு 2008-ல் செபேடாவும் பாஷ்லரும் சக ஆய்வாளர்களும் 1,350-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு விடை தேடினார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்துத் தேவைப்படும் செய்தியை, முதலில் படித்து மூன்று வாரம் கழித்து ஒருமுறை திருப்பிப் பார்த்தவர்களே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். மறுநாளே திருப்பிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. 2013-ல் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோது, தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசையில் நின்றன. திரும்பத் திரும்ப வாசிப்பதும் வரிக்கு வரி மஞ்சள் பூசுவதும் கடைசி வரிசைக்குப் போயின. நம் மாணவர்களின் கைடுகளைத் திறந்தால் எல்லாப் பக்கமும் மஞ்சள்தான்.

இதை நம் பள்ளி நாட்காட்டியோடு பொருத்திப் பாருங்கள். ஜூனில் நடத்தியது ஜூலை இடைப்பருவத் தேர்வில் வந்துவிடுகிறது. யாரும் ஆராய்ச்சி படித்து வைத்ததில்லை, ஆனாலும் நல்ல இடைவெளி. செப்டம்பர் காலாண்டில் மறுபடி வருகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். இரண்டாம் இடைப்பருவத் தேர்வுக்குப் புதிய பாடம் மட்டும் போதும் என்று பல பள்ளிகளில் வைத்துக்கொள்கிறோம். அக்டோபர், நவம்பர் முழுக்க போர்ஷனைத் துரத்தும் ஓட்டம். ஜூன் பாடம் மறுபடி கண்ணில் படுவது அரையாண்டில். அதற்குள் அது புதுப் பாடமாகிவிடுகிறது. "நடத்தியாச்சே, எப்படிடா மறந்த?" என்று டிசம்பரில் கேட்பதில் அர்த்தமில்லை.

இதைச் சரிசெய்யக் கூடுதல் பீரியட் வேண்டாம். இப்போது வைக்கிற ஸ்லிப் டெஸ்டையே மாற்றினால் போதும். பத்து மதிப்பெண் தேர்வில் ஆறு இந்த வாரத்துப் பாடத்தில் இருக்கட்டும். இரண்டு மதிப்பெண் மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்தில். மீதி இரண்டு ஜூன் மாதத்திலிருந்து எங்கு வேண்டுமானாலும். முதல் மாதம் மதிப்பெண் சரியும், பெற்றோர் கூட்டத்தில் கேள்வி வரும், தாங்கிக்கொள்ள வேண்டும். கணக்கில் எட்டு மதிப்பெண் வினாக்கள் இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், ஒன்று வரைபடம். ஆக 16. "கிராப்பும் ஜியாமெட்ரியும் போட்டா பாதிக் கிணறு தாண்டலாம்" என்று ஜனவரியில் மெல்லக் கற்போரை உட்கார வைத்து வரைய வைக்கிறோம். வடிவொத்த முக்கோணம் வரைய காம்பஸும் ஸ்கேலும் போதும், ஜூலை வெள்ளிக்கிழமைகளில் ஒன்று வீதம் வரைந்தால் என்ன குறைந்துவிடும்? கை பழகும் வேலையைக் கடைசி மாதத்தில் குவிப்பதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

ஐந்து பாடத்தையும் ஒரே மேசையில் விரித்தால் இன்னொன்றும் கண்ணில் படும். அறிவியல் புத்தகத்தின் 22-ஆம் அலகான சுற்றுச்சூழல் மேலாண்மையில் சூரிய ஆற்றலும் காற்றாற்றலும் வருகின்றன. புவியியலில் வளங்களும் தொழிலகங்களும் பற்றிய பாடத்திலும் அவையே. ஒருவர் செப்டம்பரில் நடத்த, இன்னொருவர் டிசம்பர் அவசரத்தில் நடத்துகிறார். ஒரே அறையில் டீ குடிக்கிற இரண்டு பேர் அதைப் பேசிக்கொண்டதில்லை. ஒளியியலில் வில்லைச் சமன்பாட்டுக் கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒளியியல் தெரியாமல் இல்லை, பின்னத்தைக் கூட்டத் தெரியவில்லை. அதைக் கணக்கு ஆசிரியரிடம் சொன்னால் பத்து நிமிட வேலை.

தாம்பரம் பகுதிக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது: மழை. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் தெருக்களுக்குள் வந்தது. அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. 2021 நவம்பரிலும் முடிச்சூர் பக்கம் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மறுபடி அரையாண்டு தள்ளிப்போனது. புத்தகம் நனைந்தவர்களுக்கு அரசு புதிய புத்தகம் கொடுக்க ஏற்பாடு செய்தது. நோட்டுக்கு யார் ஏற்பாடு செய்வது? ஆறு மாதம் எழுதிய அறிவியல் நோட்டு பக்கங்கள் ஒட்டி, மை கரைந்து, மாடியில் செங்கல் வைத்துக் காய்ந்துகொண்டிருந்ததை முடிச்சூரில் பாடம் நடத்துகிற எவரும் பார்த்திருப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நம் திட்டத்தாளில் டிசம்பர் முழு மாதமாகவே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. "கலெக்டர் லீவு விட்டாச்சா" என்று பிள்ளைகள் விடியற்காலையில் போனைப் பார்ப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. திட்டம் மட்டும் கோயம்புத்தூருக்குப் போட்டது போல இருக்கிறது. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை சில வேலை நாட்கள் போய்விடும் என்று ஜூனிலேயே எழுதி வையுங்கள். வீட்டில் தனியாக, கரண்ட் இல்லாமலும் செய்யக்கூடியவற்றை அந்த வாரங்களுக்கு ஒதுக்குங்கள்: மனப்பாடப் பாடல், வரைபடத்தில் இடம் குறித்தல், காலக்கோடு, கணக்குச் சூத்திரங்கள். கார்பனும் அதன் சேர்மங்களும் போன்ற, ஆசிரியர் பக்கத்தில் நின்றாக வேண்டிய பாடம் அங்கே வர வேண்டாம். ஏழு, எட்டு மதிப்பெண் பதில்களை நோட்டில் மட்டும் நம்பி வைக்காமல் வகுப்பில் ஒரு பிரதி இருப்பதும் நல்லது.

தேர்வு இடைவெளி விடுமுறையை நம்பும் பழக்கத்தையும் ஆரம்பத்திலேயே உடைக்க வேண்டும். 2025-ல் தமிழ் மார்ச் 28, ஆங்கிலம் ஏப்ரல் 2, கணக்கு 7, அறிவியல் 11, சமூக அறிவியல் 15. பார்க்கத் தாராளமாகத் தெரியும். சமூக அறிவியலுக்கு முன்னால் மூன்று நாள், பாடம் 27. ஒரு நாளைக்கு ஒன்பது. அட்டவணை வந்த அன்றே இந்த வகுத்தலைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். அறிவுரையைவிட அது நன்றாக வேலை செய்யும்.

நீண்டகாலத் திட்டம் என்ற பெயரில் நம் புறநகர்த் தனியார் பள்ளிகள் பல ஆண்டுகளாகச் செய்துவந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பின் பொங்கல் விடுமுறை முடிந்ததும் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறப்பது. பதினொன்றாம் வகுப்பை அப்படியே தாண்டிப் பன்னிரண்டை இரண்டு வருடம் நடத்துவது. இந்தப் பழக்கத்தைத் தடுக்கத்தான் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2017-ல் அறிவித்து 2018 மார்ச்சில் முதல் தேர்வை நடத்தினார்கள். மாநிலக் கல்விக் கொள்கை வெளியான 2025 ஆகஸ்டில் அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது, வரவேற்கிறோம். ஆனால் பழைய கதவு மறுபடி திறந்திருக்கிறது. ஓராண்டை விழுங்கி அடுத்த ஆண்டை நீட்டுவது திட்டமிடலே இல்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் தெரியாமல் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தை இரண்டு முறை நடத்தினாலும் அது ஏறாது. பதினொன்றின் வேதியியலை விட்டவர்கள் நீட் தேர்வுக்கு உட்காரும்போது அதே பாடத்தைப் பணம் கட்டிப் படிக்கிறார்கள். ரேங்க் அறிவிப்பு 2017-லேயே நின்றுவிட்டது. பள்ளி வாசல் பேனர்கள் மட்டும் நிற்கவில்லை, இந்த அவசரத்தின் வேர் அங்கேதான்.

தேர்ச்சிக்கான 35 மதிப்பெண்ணை எட்டப் போராடும் பிள்ளைகளுக்கான திட்டம் வேறு. அவர்களை நாம் ஜனவரியில்தான் "கண்டுபிடிக்கிறோம்". அதற்குப் பிறகு குறைந்தபட்ச மெட்டீரியல், காலை மாலை வகுப்பு, வெறும் ஒரு மதிப்பெண் வினா. உண்மையில் ஜூலை இடைப்பருவத் தேர்விலேயே அந்தப் பெயர்கள் நம் கையில் இருக்கின்றன. அறிவியலில் செய்முறைக்கு 25-ல் 15, எழுத்துத் தேர்வில் 75-க்கு 20 எடுத்தால் தேர்ச்சி. அந்த 20-ஐ ஏழு மாதத்தில் பிரித்தால் மாதம் மூன்று மதிப்பெண். இப்படிச் சொல்லும்போது பிள்ளை நிமிர்ந்து உட்காருகிறது. "எல்லாத்தையும் படி" என்றால் எதையும் தொடுவதில்லை. பக்கத்துத் தெரு சிபிஎஸ்இ பிள்ளைக்கு 2026 முதல் மூன்று பாடம் வரை மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள அதே ஆண்டில் இரண்டாவது தேர்வு உண்டு. நம் பிள்ளைக்கு, தேறாவிட்டால் மட்டும், துணைத் தேர்வு. ஆகவே முதல் ஓட்டத்தின் பொறுப்பு நம்மிடம் கூடுதலாகவே இருக்கிறது.

எனவே ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்புக்குப் போகும் ஐந்து ஆசிரியர்களும் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு பீரியட் ஒன்றாக உட்காருங்கள். ஒரே ஒரு தாள், ஜூன் முதல் மார்ச் வரை. எந்தக் கிழமை யார் வீட்டுப்பாடம் கொடுப்பது என்று முதலில் முடிவாகட்டும். ஓர் இரவுக்கு இரண்டு பாடத்துக்கு மேல் வேண்டாம். பழைய பாடம் எந்த வாரம் திரும்பி வரும், மழை வாரங்களில் என்ன, செய்முறைத் தேர்வுக்குப் பிப்ரவரியில் எத்தனை நாள் போகும், இவை அடுத்து. அந்தத் தாளின் பிரதியை வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள், ஒன்றைப் பெற்றோரிடம் கொடுங்கள், ஒன்றை இந்த இதழுக்கு அனுப்புங்கள். பல்லாவரம் முதல் வண்டலூர் வரை எந்தப் பள்ளியிலிருந்து வந்தாலும், அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ தனியாரோ, காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய இதழில் அவற்றை வெளியிடுகிறோம். அரையாண்டு முடிந்ததும் அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று எழுதியவர்களே மறுபடி எழுதலாம்.