பாலத்துக்கு எதற்கு ஜாதகம்?

எங்கேயாவது ஒரு பாலம் இடிந்தால் போதும். டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் முதல் கேள்வி ஒன்றேதான்: "எந்த வருஷம் கட்டினது?" நூறு வருஷம் என்றால், "அதான் விழுந்துடுச்சு" என்று தலையாட்டுவோம். நாற்பது என்றால், "எவ்வளவு அடிச்சானுங்களோ" என்று உச்சுக்கொட்டுவோம். இரண்டிலும் விசாரணை அத்தோடு முடிந்தது. பழசு ஆபத்து, புதுசு பத்திரம். ஆகவே வயதில் மூத்ததை முதலில் இடி, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் மண்டையில் ஊறிப்போன இந்தக் கணக்கு தப்பு. ஆளைக் கொல்லும் தப்பு.

பாம்பனையே எடுத்துக்கொள்வோம். 1914-இல் திறந்த ரயில் பாலம், உப்புக் காற்று இரும்பைத் தின்னும் கடலுக்கு நடுவே நின்றது. 1964 டிசம்பர் புயலில் கர்டர்கள் வரிசையாகக் கடலுக்குள் போயின. கப்பலுக்காகத் திறக்கும் தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. ரயில்வேப் பொறியாளர் ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் பாலத்தை மீண்டும் நிறுத்தினார். "ஐம்பது வயதாகிவிட்டது, போகட்டும்" என்று அன்றைக்கே கைகழுவியிருந்தால், அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேல் ராமேசுவரத்துக்கு அதன்மேல் ரயில் போயிருக்காது. 2007-இல் அகலப்பாதையாக மாறியபோது கூடுதல் பாரத்தையும் அதே பாலம்தான் சுமந்தது. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதுகூட நூறைத் தாண்டிவிட்டது என்பதற்காக அல்ல. நூறு 2014-லேயே முடிந்துவிட்டதே! தூக்குப் பகுதியில் பொருத்திய உணர்கருவிகள் எச்சரித்தன, நிறுத்தினார்கள்.

பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. திறப்பதற்குச் சில மாதம் முன்பே ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அதன் துருப் பாதுகாப்பைப் பற்றி அறிக்கையில் கேள்வி எழுப்பினார். ரயில்வே விளக்கம் தந்தது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். கடல்காற்று பிறந்த தேதி கேட்டுவிட்டு இரும்பைத் தொடுவதில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

"இது ஒற்றை உதாரணம்" என்பார்கள். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தில் 1890 முதல் இன்றுவரை ரயில் ஓடுகிறது. 2025 ஜூலையில் குஜராத்தின் மஹிசாகர் ஆற்றில் வண்டிகளோடு விழுந்த கம்பீரா பாலமோ 1980-களில் கட்டியது.

இத்தாலியின் ஜெனோவா இன்னும் தெளிவாகச் சொல்லும். 2018 ஆகஸ்ட் 14 அன்று அங்கே மொராந்தி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். 1967-இல் திறந்த அந்தப் பாலத்தில், தளத்தைத் தூக்கிப் பிடிக்கும் சாய்வுக் கம்பிகளைக் கான்கிரீட்டுக்குள் பொதிந்திருந்தார்கள். உள்ளே துருப்பிடித்தால் வெளியே தெரியாது. இப்படித் தளத்தைத் தாங்கியவை மூன்று கோபுரங்கள். 1990-களில் 11-ஆம் எண் கோபுரத்துக்கு வெளிப்புறமாகப் புதிய எஃகுக் கம்பிகள் கட்டிப் பலப்படுத்தினார்கள். 9-ஆம் எண்ணுக்கு அது நடக்கவில்லை. விழுந்தது 9. மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வயது. எது முதலில் போகும் என்று ஜாதகம் சொல்லியிருக்குமா? இத்தனைக்கும் 9-ஐப் பலப்படுத்தும் திட்டம் ஒப்புதல் பெற்றுக் காத்திருந்தது. வேலை தொடங்குமுன் பாலம் முந்திக்கொண்டது.

நம் ரயில்வேப் பொறியாளர்களுக்கு இதெல்லாம் தெரியாததல்ல. அடித்தளம், தூண், பேரிங், கர்டர் என்று பாலத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே மதிப்பெண் போடும் முறை அவர்களிடம் உண்டு. 1 என்றால் உடனே மாற்ற வேண்டும். 5 என்றால் நல்ல நிலை. உறுப்புகளில் எது ஆகக் குறைவோ அதுவே முழுப் பாலத்தின் மதிப்பெண். நாலு பாடத்தில் நூறு வாங்கி ஒன்றில் தவறினாலும் பெயில்தான். அந்தக் கணக்கில் வயதுக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. நாட்டில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரயில் பாலங்கள். அவற்றில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை நூறு வயது கடந்தவை. நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், வயதுக்கும் பாலத்தின் நிலைக்கும் நேரடித் தொடர்பில்லை என்று ரயில்வே பதில் சொல்லும். சரியான பதில்தான். ஆனால் நாம் வயதையே கேட்டுக்கொண்டிருப்பதால், அந்தப் பதிலோடு அவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். மதிப்பெண்ணைக் கேட்டால் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது.

அப்படியானால் வயது ஒரு பொருட்டே இல்லையா? உண்டு. 2001-இல் கேரளத்தின் கடலுண்டியில் மங்களூர்–சென்னை மெயிலோடு விழுந்தது 19-ஆம் நூற்றாண்டுப் பாலம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வருஷம் ஏற ஏறத் துருவுக்கும் இரும்பின் அலுப்புக்கும் அவகாசம் கூடுகிறது. அதனால் மூத்த பாலத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். அடிக்கடி பார்ப்பதற்குத்தான் வயது காரணம். பார்க்காமலே தீர்ப்பு எழுதுவதற்கு அல்ல. மண்பானை வாங்கும்போது எந்தச் சூளை, எந்த மாதம் என்றா கேட்கிறோம்? விரலால் தட்டிப் பார்க்கிறோம். கான்கிரீட்டையும் சுத்தியலால் அப்படித்தான் தட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே பெயர்ந்திருந்தால் சத்தம் பொத்தென்று கேட்கும்.

தட்டிப் பார்த்த பிறகு வரிசை போட வேண்டும். எந்த உறுப்பு போனால் பாலமே போகும்? போனால் எத்தனை பேர் அதன் மேலும் கீழும் இருப்பார்கள்? சுற்றிப் போக வேறு வழி உண்டா? ஒரு நாளைக்கு இரண்டு வண்டி போகும் கிளைப் பாதையில் பாலம் பலவீனம் என்றால் காஷன் ஆர்டர் கொடுத்து வண்டியை ஊர்ந்து போகச் சொல்லலாம். வண்டி மெதுவாகப் போகிறது என்று நாம் வைகிறோம். உண்மையில் கைவசம் உள்ள மலிவான வைத்தியம் அது. பத்து நிமிஷத்துக்கு ஒரு மின்ரயில் வந்து ஆயிரம் பேரை இறக்கிவிடும் நிலையத்தின் நடைமேம்பாலத்துக்கு அந்த வைத்தியம் செல்லாது. கூட்டத்துக்குக் காஷன் ஆர்டர் கொடுக்க முடியாது.

நாமோ கண்ணில் படுவதையே பழுதுபார்ப்பு என்கிறோம். கொல்கத்தாவின் மாஜேர்ஹாட் பாலம் 2018-இல் விழுந்தபோது, தார்மேல் தாராகப் போட்டு ஏற்றிய பாரமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பயணிக்குச் சாலை பளபளவென்று இருந்திருக்கும். அதே நகரத்தில் 1943 முதல் நிற்கும் ஹவுரா பாலத்தின் இரும்புக் கால்களை வெற்றிலை எச்சில் அரித்தபோது, அவற்றுக்குக் கண்ணாடியிழை உறை போட்டார்கள். கிழவனை இடிக்கவில்லை, காலைக் கவனித்தார்கள்.

நான் தினமும் ஏறி இறங்கும் நிலையத்தில் இரண்டு பாலங்கள். தண்டவாளத்துக்கு அடியில் செங்கல் வளைவுப் பாலம் ஒன்று, வெள்ளைக்காரன் காலத்தது. "எப்ப விழுமோ" என்று ஊரே அதைப் பார்த்துப் பயப்படுகிறது. மேலே நடைமேம்பாலம், கைப்பிடிக்குப் புது நீல வண்ணம். அதன் தூண் பிளாட்பாரத்தில் இறங்கும் இடத்தில் ஓர் அம்மா பூக்கூடை வைத்திருக்கிறார். பூ வாடாமல் நாளெல்லாம் தண்ணீர் தெளிப்பதில் தூணின் அடி காய்வதே இல்லை. ஒருநாள் பூ வாங்கக் குனிந்தபோது அங்கே விரல் வைத்தேன். வண்ணத்தோடு சேர்ந்து இரும்பும் அப்பளம்போல் உடைந்து வந்தது.

"பயப்படாதீங்க சார், புதுப் பாலம்தான்" என்றார் அந்த அம்மா. அதற்குப் பன்னிரண்டு வயது. அவர் அதில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.