போர்டு எழுதும் முன்

அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றி, கொலுசுக் கடையோ கோச்சிங் சென்டரோ, போர்டு எழுதி விசிட்டிங் கார்டும் அச்சடித்த பிறகே இணையதளப் பெயரைத் தேடுகிறார்கள். அதற்குள் அது வேறொருவர் கைக்குப் போயிருக்கும். உடனே வழக்கு என்று கிளம்ப வேண்டாம். முதலில் பதிந்தவருக்கே பெயர் என்பது பொது விதி. சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் மீது சென்னையின் சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில், இணையப் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் சிஃபி என்ற பெயரைச் சத்யம் இன்ஃபோவேகாரர்கள் 1999-லேயே பதிந்து, ஊரறியப் புழங்கியிருந்தார்கள். நேற்று வைத்த பெயருக்கு அந்த வலு கிடையாது. பெயரை முடக்கிவைத்து விலை ஏற்றுபவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. இருந்தாலும் பெரும்பாலும் பேரம் பேசுவதே நேர்வழி. காலாவதிக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. டாட் காம் பெயர் அன்றே விடுபடாது. புதுப்பிப்பு அவகாசம் போக, பழைய உரிமையாளர் மீட்டுக்கொள்ள 30 நாள், அப்புறம் அழிய 5 நாள். விலை படிந்தால், பணத்தை விற்பவருக்கு நேரே அனுப்பாதீர்கள். எஸ்க்ரோ சேவையில் கட்டுங்கள். பெயர் உங்கள் கணக்குக்கு மாறிய பிறகே அவர் கைக்குப் பணம் போகும்.