ஆலைகள் திரும்பலாம், வேலைகள்?

அமெரிக்க ஆலை வேலைகளை அந்நியர் அபகரித்துக்கொண்டனராம். இறக்குமதிக்கு வரி விதித்தால் அவை வீடு திரும்பிவிடுமாம். அந்நாட்டு அரசியலார் இப்படித்தான் முழங்குகின்றனர். 2018இலும் 2025இலும் வரிகள் விதிக்கப்பட்டன. சில ஆலைகள் திரும்பக்கூடும். பழைய அளவில் வேலைகள் திரும்பா என்றே நாம் கருதுகிறோம்.

1979இல் அங்கே ஏறத்தாழ 1 கோடியே 95 இலட்சம் பேர் ஆலைகளில் உழைத்தனர். இன்று 1 கோடியே 30 இலட்சத்திற்கும் குறைவு. உற்பத்தியோ அன்றைவிட மிகுதி. 2001இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபின் பெருகிய இறக்குமதி பல இலட்சம் வேலைகளை விழுங்கியது மெய்தான், அதை மறைப்பானேன்? ஆயினும், பலர் கூடிச் செய்த பணியை இன்று இயந்திரக் கரங்கள் செய்கின்றன. புதிய ஆலைகளும் அவற்றை நம்பியே எழுகின்றன. அவ்வியந்திரம் ஈட்டும் ஆதாயம் யாருக்கு? மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். இது ஞாயிறு மறையுரைக்கு மட்டுமே உரிய செய்தி என நினைப்போர் நம்மவரிலும் உண்டு. ஆலையின் கணக்கேட்டிற்கும் உரியது என்போம் நாம்.

சீனாவை மட்டுமே பழிப்போர் ஒஹாயோ மாநிலத்து யங்ஸ்டவுனை மறந்துவிட்டனர். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. கேம்பல் எஃகாலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. வேலையிழந்தோர் ஏறத்தாழ 5,000 பேர். ஜப்பானிய எஃகின் போட்டி இருந்தது, உண்மை. ஆனால் 1969இல் அவ்வாலையைக் கைப்பற்றிய லைக்ஸ் என்னும் கப்பல் நிறுவனம், எஃகு ஈட்டிய பணத்தைப் பழைய உலைகளைப் புதுப்பிக்கச் செலவிடாமல், தன் கடனை அடைக்கத் திருப்பியதே! அந்த முடிவை எடுத்தபோது உலையருகே நின்றவனை யார் கேட்டார்கள்?

யங்ஸ்டவுன் ஆயர் ஜேம்ஸ் மலோன் வாளாவிருக்கவில்லை. பிற சபைத் தலைவர்களோடு கைகோத்து, தொழிலாளரும் ஊராரும் சேர்ந்து ஆலையை வாங்கி நடத்தும் திட்டத்தை முன்வைத்தார். எளிய மக்கள் தங்கள் சேமிப்பை அதற்கென்றே வங்கிகளில் இட்டனர். 1979 மார்ச்சில் வாஷிங்டன் அரசு அந்தக் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கிரைஸ்லர் கார் நிறுவனத்திற்கு 150 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. அதனால் பலர் வேலை பிழைத்தது, நாம் குறைகூறவில்லை. ஆனால் கிரைஸ்லருக்கு உரிமையாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். யங்ஸ்டவுன் மக்களோ உரிமையாளர்களாக விரும்பினார்கள்.